பூர்வீகக் காட்டைப் பழமை கெடாமல் காப்பாற்ற முடியுமா?

தாத்தா காலத்துப் பூமி, மாடு, வழக்கங்கள் எதையும் விடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் ஆரம்பிக்காதீர்கள், வேலியில் ஆரம்பியுங்கள்.

எங்களுடையது காங்கயம் பக்கத்துக் கொறங்காடு. அதாவது, மானாவாரி மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை என்கிற முள்செடியால் ஆன உயிர்வேலி. பெரிய காடாக இருந்தால் நடுவிலும் வேலி போட்டுத் தடுத்திருப்பார்கள். ஒன்றில் மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து அடுத்ததற்கு ஓட்டிவிட்டால், முதலாவது தழைத்துக்கொள்ளும். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும். ஆடு மாடு அதைத் தின்று தாக்குப்பிடிக்கும். கிளுவைக்குச் செலவே கிடையாது. போத்து, அதாவது கிளை, வெட்டி நட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும்.

இந்த வேலியில் சந்து விழுந்தால் மாட்டோடு நாள் முழுக்க ஆள் நிற்க வேண்டும். ஆள் கிடைக்காது, மாட்டை விற்பார்கள். அப்புறம் சும்மா கிடக்கிற காடு எதற்கு என்று மனைப் பேச்சு வந்துவிடும். எங்கள் பக்கம் பல காடுகள் இந்த வரிசையில்தான் போயின.

வழக்கமும் மாட்டோடுதான் இருக்கிறது. பட்டிப்பொங்கலன்று பட்டியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டித் தண்ணீர் விட்டு, மாட்டை அதை மிதித்துத் தாண்ட வைப்போம். "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று சத்தம் போட்டபடி சுற்றி வருவோம். செவலையாகப் பிறந்த காங்கயம் கன்று சில மாதத்தில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக, மாறுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குத்தான் இதெல்லாம் ஒட்டும். வண்டிச் சக்கரத்தை ஹாலில் மாட்டி வைப்பவர்கள் வைக்கட்டும், பார்க்க அழகுதான். நல்ல காளை வேண்டுமென்றால் குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

அடுத்த தலைவலி பாகப்பிரிவினை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-ல் மத்தியத் திருத்தம் என்று பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை வந்துவிட்டது. அதனால் அத்தை, அக்கா, தங்கை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பிரித்தே ஆகவேண்டும் என்றால் இருக்கிற வேலியை ஒட்டிப் பிரியுங்கள். கிணறு, பட்டி, தடம் மூன்றும் பொது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மேய்ச்சல் மட்டும் ஒருவர் கையில் இருக்கட்டும், மற்றவர்கள் அவரிடம் வருடக் குத்தகை வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பெரியப்பா மகன் மேய்க்கிறார், நாங்கள் குத்தகை வாங்குகிறோம். தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.