ஓராண்டு எம்.எஸ்ஸி. யாருக்கு?

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதுகலையை ஒரே வருஷத்தில் முடிக்கலாம் என்கிறார்களே, முடியுமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: மூன்று வருடப் பட்டத்தோடு முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2024 முதுகலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, நான்கு வருட ஹானர்ஸ் (160 கிரெடிட், அதாவது பாடங்களுக்கான மதிப்பலகு) முடித்தவர்களுக்குத்தான் ஓராண்டு முதுகலை. மூன்று வருடக்காரர்களுக்கு (120 கிரெடிட்) இரண்டு வருடம். கூட்டிப் பாருங்கள், இரண்டு வழியிலும் ஐந்து வருடம்தான்! நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்று வருடப் பட்டமே என்பதால், நான்காம் ஆண்டைத் தேடி அலைய வேண்டாம்.

அமெரிக்காவின் '4+1' (நான்கு வருட இளங்கலையும் ஒரு வருட முதுகலையும்) வேறு கதை. அங்கே இளங்கலையின் கடைசி வருடத்தில் எடுக்கும் சில முதுகலைப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும். பெரும்பாலும் அதே பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தான் அந்த வசதி. இங்கிருந்து நேராகப் போய்ச் சேர்வது பொதுவாக முடியாது.

அவசரத்தில் பலர் சறுக்குவது அஞ்சல்வழியில். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது. 'ஒரே வருஷம், வீட்டிலிருந்தே எம்.எஸ்ஸி.' என்று யாராவது போனில் ஆசை காட்டினால் பணம் கட்டிவிடாதீர்கள்.

மகளுக்கு மருத்துவ உளவியலாளர் ஆகும் எண்ணமா? வெறும் எம்.எஸ்ஸி. போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அந்த கவுன்சிலில் பதிவும் வேண்டும். கல்லூரிப் பெயரை கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.