மனசு எப்படி வயிற்றை எரிக்கும்?

கேள்வி: எனக்கு வயது 52. சில மாதங்களாக மேல்வயிற்றில் எரிச்சல். எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லையாம். "எல்லாம் மனசுதாம்மா, கவலைப்படாம இருங்க" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். மகனுக்கு வேலை போனது, வீட்டுக் கடன் என்று கவலைக்குக் குறைச்சல் இல்லைதான். கல்லூரியில் தத்துவம் படிக்கும் என் மகள், "மனசையும் உடம்பையும் பிரிச்சு வெச்சது டேக்கார்ட் செஞ்ச தப்பு, டாக்டரும் அதைத்தான் பேசறார்" என்கிறாள். எனக்கு ஒன்று புரியவில்லை. மனசு தொட முடியாத ஒன்று என்றால், அது எப்படி வயிற்றைப் பிடித்து எரிக்கும்? இப்படிக் கேட்பது அசட்டுத்தனமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அசட்டுத்தனமே இல்லை. ஏறக்குறைய இதே கேள்வியை 1643 மே மாதம் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட்டிடமே ஒரு பெண் கேட்டார். அந்தப் பெரிய மனிதர் திணறித்தான் போனார்.

கேட்டவர் பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இளவரசி எலிசபெத். அப்போது வயது 24. இளவரசி என்பது பெயரளவில்தான். 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்று அவருடைய தந்தை அரியணையை இழந்தார். குடும்பம் ஹாலந்தின் தி ஹேக் நகரில் அண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தது. டேக்கார்ட்டும் அந்த நாட்டில்தான் இருந்தார். உடம்பு என்பது நீளம், அகலம், ஆழம் கொண்டு இடத்தை அடைக்கும் பொருள். மனம் என்பது சிந்திப்பது மட்டுமே, அதற்கு இடமும் இல்லை, அளவும் இல்லை என்று வாதிட்ட அவருடைய 'தியானங்கள்' வெளிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எலிசபெத்தின் கேள்வி சுருக்கமானது. ஒரு பொருள் நகர வேண்டுமென்றால் ஏதாவது அதைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தொட வேண்டும், தொடுவதற்குப் பரப்பு வேண்டும். மனத்துக்குப் பரப்பே கிடையாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் அது எப்படி உடம்பை நாம் விரும்பியபடி அசைக்கிறது? கூடவே, என் ஆன்மாவுக்கு நீங்கள்தான் சிறந்த மருத்துவர், மருத்துவர்கள் எடுக்கும் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியை மதித்து இதை வெளியே சொல்லாமல் மருந்து தாருங்கள் என்றும் எழுதியிருந்தார். 'பெயர் வேண்டாம்' என்று இந்தப் பகுதிக்கு எழுதுகிற எல்லோருக்கும் அவர்தான் மூத்தவர். டேக்கார்ட் இறந்த பிறகு தன் கடிதங்களை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். அவை அச்சேறியது 1879-இல்தான்.

டேக்கார்ட்டின் பதில் சுற்றி வளைத்தது. கல்லின் கனம் எதையும் தொட்டுத் தள்ளாமலே அதைக் கீழே இழுப்பதாக நாம் நினைக்கிறோமே, மனம் உடம்பை நகர்த்துவதையும் அப்படி எண்ணிப் பாருங்கள் என்றார். வேடிக்கை என்னவென்றால், கனத்தைப் பற்றிய அந்த எண்ணமே தவறு என்பது அவருடைய கட்சி. எலிசபெத் விடுவாரா? தவறு என்று நீங்களே சொல்லும் ஒன்றை வைத்து இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஜூன் மாதம் திருப்பிக் கேட்டார். உடம்பே இல்லாத ஒன்று உடம்பை நகர்த்துகிறது என்று ஏற்பதைவிட, மனத்துக்கும் பருமன் உண்டு என்று ஏற்பது தனக்குச் சுலபம் என்றார். குடும்ப விவகாரங்களும் தவிர்க்க முடியாத மரியாதைப் பேச்சுகளும் யோசிக்கவே விடவில்லை என்று அதே கடிதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார். அடுப்படியில் நின்று இதைப் படிக்கும் பலருக்கு அந்த வரி புரியும்.

இதற்கு டேக்கார்ட் எழுதிய மறுமொழியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மனமும் உடம்பும் வேறு வேறு என்பதை அறிவால் யோசித்து அறியலாம். இரண்டும் ஒன்றாய்க் கூடியிருப்பதை அன்றாட வாழ்க்கையிலும் சாதாரணப் பேச்சிலும்தான் அறிய முடியும் என்றார். தத்துவத்தின் இந்த உயரமான பகுதிக்குத் தான் வருடத்தில் சில மணி நேரமே ஒதுக்குவதாகவும் சொன்னார். இதை நழுவல் என்பார்கள். பாதி நழுவல்தான். மீதிப் பாதியில் நேர்மை இருக்கிறது.

உங்கள் மகள் சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும். மனத்தால் வரும் வலி பொய் வலி என்று டேக்கார்ட் ஒருபோதும் சொல்லவில்லை. அந்தத் 'தியானங்கள்' நூலின் ஆறாவது பகுதியிலேயே, கப்பலில் மாலுமி இருப்பதுபோல நான் என் உடம்பில் இல்லை என்கிறார். கப்பல் உடைந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வான். எனக்கு அடிபட்டால் வலிக்கிறது. 1645-இல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தபோது, குடும்பத்துக்கு நேர்ந்த துயரம்தான் காரணம் என்று எழுதியவரும் இவரே. ஸ்பா என்ற ஊரின் ஊற்றுத் தண்ணீரைக் குடியுங்கள், காட்டின் பச்சையையும் பறவை பறப்பதையும் எதையும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்று ஆலோசனையும் சொன்னார். தன் தாயிடமிருந்து தனக்கும் வறட்டு இருமல் வந்ததையும், இவன் சின்ன வயதிலேயே போய்விடுவான் என்று மருத்துவர்கள் கைவிரித்ததையும் சொல்லித் தேற்றினார். உங்கள் டாக்டர் இதில் கால்வாசி பேசியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆனாலும் எலிசபெத்தின் கேள்வி தீரவில்லை. 1649-இல் வெளியான தன் கடைசி நூலில் டேக்கார்ட், மூளையின் நடுவே இருக்கும் பீனியல் சுரப்பியில்தான் மனமும் உடம்பும் உறவாடுகின்றன என்றார். மூளையின் மற்ற பகுதிகள் இரட்டையாக இருக்க, இது ஒன்றுதான் ஒற்றையாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் சுரப்பி அவர் சொன்னபடி அசைய வழியே இல்லை என்று ஸ்டெனோ என்ற உடற்கூற்று அறிஞர் 1665-இல் பாரிஸில் பேசிக் காட்டினார். அது கிடக்கட்டும். சுரப்பி எவ்வளவு சின்னதானாலும் இடத்தை அடைக்கும் பொருள்தானே, பரப்பில்லாத மனம் அதை மட்டும் எப்படித் தொடும்? பிறகு வந்த தத்துவவாதிகளில் மாலெப்ராஞ்ச் நடுவில் கடவுளைக் கொண்டுவந்தார். மனமும் உடம்பும் ஒரே உண்மையின் இரு முகங்கள் என்றார் ஸ்பினோசா. எனக்கு ஸ்பினோசா பக்கம்தான் சாய்வு, ஆனால் அவரிடமும் கேட்க எனக்குக் கேள்விகள் உண்டு.

மூளைதான் மனசு என்று இன்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். சரி, மூளைக்குப் பரப்பு உண்டு, நரம்புகள் வயிறுவரை போகின்றன. நகர்த்துவது எப்படி என்ற பாதிக்குப் பதில் கிடைத்துவிட்டது. நரம்பில் ஓடும் மின்துடிப்பு ஏன் 'எரிகிறது' என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும் என்ற மறுபாதிக்கு இன்னும் சண்டை நடக்கிறது.

இனி உங்கள் வயிறு. எண்டோஸ்கோப்பியில் புண் தெரியவில்லை என்றால் புண் தெரியவில்லை, அவ்வளவுதான். பார்க்க நன்றாயிருக்கும் இரைப்பை அதிகக் கூச்சத்தோடு வேலை செய்வதும் உண்டு. கவலை அதைக் கூட்டும். அதற்கு மருந்தும் உண்டு. ஒரு குடல்நோய் நிபுணரைப் பாருங்கள். மகன் வேலை, கடன் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். "மனசுதான்" என்று அவரும் சொன்னால், "சரி டாக்டர், அதற்கு என்ன சிகிச்சை?" என்று கேளுங்கள். உடம்பு இளைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மகளிடம் அந்தக் கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கல்லூரி நூலகத்தில் தேடச் சொல்லுங்கள். டேக்கார்ட்டின் பதில்களை மட்டும் படித்துவிட்டு வரப்போகிறாள். எலிசபெத் எழுதியதை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.