இ-சிம் க்யூஆர் கோடைக் கடைக்காரருக்கு அனுப்பலாமா?

வேண்டாம் நண்பரே. இ-சிம் என்பது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றப்படும் சிம்; அதை ஏற்றத்தான் இந்தக் க்யூஆர் கோடு. "வாட்ஸப்பில் அனுப்புங்கள், நானே ஏற்றித் தருகிறேன்" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனாலும் அனுப்பாதீர்கள். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஒரே வரி: எல்பிஏ என்று தொடங்கி, டாலர் குறிகளுக்கு நடுவே சர்வர் முகவரி, அடுத்து ஆக்டிவேஷன் கோடு. பொதுவாக யார் முதலில் ஸ்கேன் செய்கிறாரோ அவருடைய போனில் உங்கள் எண் இறங்கிவிடும். பிறகு வங்கி ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும்.

கோடு உங்கள் மின்னஞ்சலுக்குத்தானே வந்திருக்கிறது? முதலில் அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்தக் க்யூஆர் கோடைக் கணினித் திரையில் திறந்து, வைஃபையில் இருக்கும் புதுப் போனால் நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை, இதற்குக் கடை எதற்கு? ஏறிய புரொஃபைலை (போனில் பதிந்த இ-சிம்மை) அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதே கோடு மறுபடி வேலை செய்யாது.

இந்தியாவில் சிம் மாற்றியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தப்படும். வங்கி வேலையை முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஸ்கேன் செய்யாமலே பழைய சிம்மில் சிக்னல் போனால், வேறு போனிலிருந்து நெட்வொர்க்கையும் வங்கியையும் உடனே அழையுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.