மகள் நீதிமன்றத் தரவு படிக்கப் போகிறாளாம்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் மகளோடு வந்திருந்தபோது நீங்கள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "புள்ளியியல் படித்த பெண்ணுக்கு வங்கி இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. கோர்ட்டில் இவளுக்கு என்ன வேலை?" என்றீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை வைத்துக்கொண்டு அவசரமாக எதையும் சொல்ல வேண்டாம் என்று அன்று பேச்சை மாற்றினேன். நிதானமாகச் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வேலை இருக்கிறது. ஆனால் அது ஒரே பெயரில் விளம்பரமாகி வருவதில்லை. நீதிமன்ற நிர்வாகத்தின் புள்ளிவிவரப் பிரிவு, சட்டக் கொள்கை ஆய்வு மையங்கள், பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்கள், சட்ட உதவி அமைப்புகள், பத்திரிகைகளின் தரவுப் பிரிவு, வழக்கறிஞர்களுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்கள் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தேடத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிறது.

வழக்கு நடத்துகிறவர் கேட்பது இரண்டே கேள்விகள்: என் வழக்கு எப்போது முடியும்? என்னைப் போன்றவர்களுக்கு இதுவரை என்ன தீர்ப்பு கிடைத்திருக்கிறது? நீதிமன்றக் கதவு திறந்துதான் இருக்கிறது. யாரும் உள்ளே போய் உட்காரலாம். ஆனால் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தாலும் பத்தாயிரம் வழக்குகள் எங்கே நிற்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிய வைப்பதுதான் உங்கள் மகள் செய்ய விரும்பும் வேலை. இந்தியாவின் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு 2015 முதல், நிலுவை வழக்குகளை அவை எத்தனை ஆண்டு பழையவை என்பது உட்படப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. பிரேசிலின் தேசிய நீதிக் குழு நாடு முழுவதற்குமான நீதிமன்றப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிடுகிறது. இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கு எளிதாகத்தான் தொடங்கும். ஒரு நீதிமன்றத்துக்கு ஆண்டில் 1,200 வழக்குகள் வருகின்றன, 1,080 முடிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு விகிதம் 90 சதவீதம்; மீதி 120 வழக்குகள் நிலுவையில் சேர்கின்றன. ஆண்டு முடிவில் நிலுவை 2,160 என்றால், அதை 1,080 ஆல் வகுத்து 365 ஆல் பெருக்கினால் 730 நாட்கள். இதே வேகத்தில் போனால் கையில் இருக்கும் வழக்குகளை முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகும். ஐரோப்பிய நாடுகளின் நீதிமன்றங்களை ஒப்பிடும் ஐரோப்பிய மன்றத்தின் ஆணையம் பயன்படுத்துவதும் இந்த இரண்டு அளவுகளைத்தான்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. "முடிந்த வழக்குகள் சராசரியாக ஐந்து மாதங்களில் முடிந்தன" என்று ஓர் அறிக்கை சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். முடியாமல் கிடக்கும் வழக்குகள் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை என்பதை யார் சொல்வது? புதிதாக வந்த நீதிபதி பொறுப்போடு பன்னிரண்டு வருடத்துக் கோப்புகளை எடுத்து முடித்தால், அந்த ஆண்டின் சராசரி திடீரென்று ஏறும். நல்ல வேலை செய்தவர்மீது தாமதப் பழி விழும். முடியாத வழக்குகளையும் கணக்கில் சேர்க்கும் முறை புள்ளியியலில் இருக்கிறது. மருத்துவ ஆய்வில் நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணிக்கப் பயன்படும் அதே முறைதான். உங்கள் மகள் அதைப் படித்திருக்கிறாள். கேட்டுப் பாருங்கள், உற்சாகமாகச் சொல்வாள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நீதிமன்றத்தின் வாய்தா விவரங்களை எடுத்து வந்து மடிக்கணினியில் காட்டினாள். ஒத்திவைப்புக்குக் காரணம் எழுதும் பத்தியில் பாதிக்கு மேல் "பிற காரணம்" என்றே இருந்தது. ஒரே வழக்கறிஞரின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தது. "தரவு குப்பை, வேறு தலைப்பு பார்க்கிறேன்" என்றாள். பதிவு செய்யும் எழுத்தரின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வா என்று அனுப்பினேன். திரும்பி வந்து அவள் சொன்னது இது: ஒரு வழக்கு முடிந்து அடுத்த வழக்கை அழைப்பதற்குள் எழுத்தருக்குச் சில விநாடிகள்தான் இருக்கின்றன, திரையில் வரும் காரணப் பட்டியலில் முதலில் நிற்பது "பிற காரணம்". அவர்மேல் தவறில்லை. பட்டியலின் வரிசையை மாற்ற வேண்டும் என்பதையே தன் ஆய்வின் முதல் பரிந்துரையாக எழுதினாள். அந்த ஒரு பக்கம்தான் பிறகு அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். கோப்பு எப்படி நகர்கிறது என்று தெரியாதவர் கையில் நீதிமன்றத் தரவு ஆபத்தானது. 2011 இல் இஸ்ரேலின் பரோல் விசாரணைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அமர்வின் தொடக்கத்தில் ஏறக்குறைய 65 சதவீத மனுக்கள் சாதகமாக முடிந்தன, இடைவேளை நெருங்கும்போது அது பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது, சாப்பிட்டு வந்த பிறகு மீண்டும் ஏறியது என்றது அது. நீதிபதியின் பசிதான் தீர்ப்பை மாற்றுகிறது என்று உலகம் முழுவதும் பேசினார்கள். அதே ஆண்டே வேறு இரண்டு ஆய்வாளர்கள் மறுப்பு எழுதினார்கள்: வழக்குகள் சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் வருவதில்லை, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில் எடுக்கப்படுகின்றன, அவர்களுக்குச் சாதகமாக முடிவது இயல்பாகவே குறைவு. வழக்குப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று முதலிலேயே விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு இதில் கூடுதலாக உறுத்துவது இன்னொன்று: பசி பற்றிய பேச்சில், வழக்கறிஞர் வைக்க முடியாதவர்களின் நிலை யார் கவனத்துக்கும் வரவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நீதிபதியின் பெயரை வைத்து அவர் தீர்ப்புகளை அலசவோ கணிக்கவோ கூடாது என்று பிரான்ஸ் 2019 இல் சட்டமே போட்டது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. அமெரிக்காவிலோ சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஓர் ஆய்வு மையம், அகதி மனுக்களை ஒவ்வொரு குடியேற்ற நீதிபதியும் எத்தனை சதவீதம் நிராகரித்தார் என்று பெயரோடு வெளியிடுகிறது. மனு எந்த நீதிபதியிடம் போகிறது என்பதைப் பொறுத்து முடிவு எவ்வளவு மாறுகிறது என்று அதிலிருந்து தெரிகிறது. என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆனால் வேலை செய்யும் இடத்தின் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று உங்கள் மகள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள், குழந்தைகள் ஆகியோரின் பெயரை மறைப்பதில் எந்தச் சமரசமும் கூடாது.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இளநிலைப் புள்ளியியலை முடிக்கட்டும். பைத்தான் அல்லது ஆர், இந்த இரண்டு கணினி நிரல் மொழிகளில் ஒன்று போதும். தரவுத்தளத்தில் கேள்வி எழுதும் எஸ்க்யூஎல் கட்டாயம். உடனே மூன்று ஆண்டு சட்டப் படிப்பில் சேர்க்க வேண்டாம். வாதாட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு கதை. உரிமையியல், குற்றவியல் நடைமுறைச் சட்டங்களைப் பொறுமையாக வாசித்து, ஒரு வழக்கு தாக்கல் ஆவது முதல் தீர்ப்பின் நகல் கைக்கு வருவது வரை எத்தனை மேசைகளைக் கடக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் தொடங்குவதற்கு அது போதும். பொதுக்கொள்கையிலோ சமூக அறிவியலுக்கான தரவு ஆய்விலோ முதுநிலை படித்தால் வழி எளிதாகும்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். முதல் சில ஆண்டுகள் அவளோடு படித்து மென்பொருள் நிறுவனத்துக்குப் போனவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பல வேலைகள் இரண்டு ஆண்டு ஒப்பந்தமாக வரும். ஆனால் நீங்கள் பயப்படுவதுபோல இது திரும்பி வர முடியாத பாதை இல்லை. காத்திருக்கும் காலத்தைக் கணக்கிடத் தெரிந்தவரை மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் கூப்பிட்டு வேலை கொடுக்கும்.

மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். ஒரு நீதிமன்றம், ஒரு வகை வழக்கு, ஒரு கேள்வி. காசோலை வழக்கில் முதல் விசாரணைத் தேதிக்கும் தீர்ப்புக்கும் இடையில் எத்தனை வாய்தா விழுகிறது என்பது மாதிரி. பொதுவில் கிடைக்கும் விவரத்தை வைத்தே செய்யலாம். வாரத்தில் ஒரு நாள் அந்த நீதிமன்றத்தில் போய் உட்கார வேண்டும். ஒரு முறையாவது நீங்களும் கூடப் போய் வாருங்கள். விடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பத்தியை நம்ப முடியவில்லை, ஏன் என்று நான்கு பக்கம் எழுதி அவள் எடுத்து வரட்டும். அதைப் பார்த்துவிட்டு எந்த முதுநிலைப் படிப்பு என்று மூவருமாக முடிவு செய்வோம்.