வாரண்டி மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

வணக்கம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் வெளிப் பட்டறையில் எஞ்சின் ஆயில் மாற்றியதைக் காரணம் காட்டி, 18 மாதமே ஆன உங்கள் காரின் ஏசி கம்ப்ரசருக்கு வாரண்டி கிடையாது என்று ஷோரூமில் கைவிரித்ததாக எழுதியிருந்தீர்கள். எஞ்சின் ஆயிலும் கம்ப்ரசருக்குள் ஓடும் எண்ணெயும் வேறு வேறு. ஆகவே, அந்த வெளி வேலை இந்தப் பழுதை எவ்வாறு உண்டாக்கியது என்பதையும், வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதியின்கீழ் மறுக்கிறார்கள் என்பதையும் ஜாப் கார்டு எனும் பட்டறை வேலைச் சீட்டிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் மறுப்பவர்கள் எழுதிக் கையெழுத்திடத் தயங்குவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்தத் தாள் கைக்கு வரும்வரை கம்ப்ரசரைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம். கெட்ட பாகமே உங்கள் முதல் சான்று.

அடுத்து, கார் நிறுவனத்துக்கே நேரடியாக எழுதிவிட்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

இனி வெளியில் ஆயில் மாற்றினால், அதன் தரக் குறியீடும் ஓடிய கிலோமீட்டரும் பில்லில் இருக்கட்டும். வீட்டு முற்றத்தில் நீங்களே மாற்றப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டின்மேல் வண்டியை இறக்கிய பிறகே உள்ளே செல்லுங்கள்.