கடல் மீன் வாங்கிய முதல் மாதம்: கேள்வி பதில்

கேள்வி: சார், புதிதாக வந்த மீனைச் சொட்டு முறையில் (தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் கலந்து) எவ்வளவு நேரம் பழக்க வேண்டும்? ஒருவர் அரை மணி என்கிறார், இன்னொருவர் மூன்று மணி என்கிறார்.

மீன் பையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று முதலில் பாருங்கள். கடையிலிருந்து அரை மணியில் வீடு வந்துவிட்டால் நிதானமாகவே பழக்கலாம். ஒரு நாள் முழுக்கப் பார்சலில் வந்த மீனுக்கு மூன்று மணி நேரச் சொட்டு முறை ஆபத்து. பைத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கரியமில வாயு பிஹெச்சை இறக்கி வைத்திருப்பதால், அதில் பெரும்பகுதி விஷம் குறைந்த அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியம் மறுபடி அம்மோனியாவாகும். அந்தத் தண்ணீரிலேயே மீனை உட்கார வைத்தால் செவுள் கெட்டுப்போகும்.

நான் சொல்வது இதுதான். பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன் செய்யுங்கள். புது மீனை முதலில் தனியாக வைத்துக் கவனிக்கும் தனித்தொட்டியின் உப்பளவைக் கடையின் உப்பளவுக்கு முன்கூட்டியே கொண்டுவந்திருந்தால், திறந்த உடனே மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போக வேண்டாம்.

கேள்வி: கடையில் உப்பளவு (நீரின் ஒப்படர்த்தியில்) 1.019, என் தொட்டியில் 1.025. இந்த வித்தியாசம் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், திடீரென்று ஏறுவதைத் தாங்காது. அதன் உடல்நீரில் இருக்கும் உப்பு கடல்நீரில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஈடுகட்டக் கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாகத் தள்ளும். உப்பைச் சட்டென்று ஏற்றினால் அந்த வேலை அதற்குக் கைமீறிப் போய்விடும். தனித்தொட்டியை 1.019இல் தொடங்கி, நாளுக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள். அப்புறம், ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும்.

கேள்வி: வந்த இரண்டாம் நாள் உடம்பில் வெள்ளைப்புள்ளி. சில நாளில் தானாகவே மறைந்துவிட்டது. குணமாகிவிட்டதா அண்ணா?

இல்லை. ஏமாறுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கிரிப்டோகேரியான் என்ற அந்த ஒட்டுண்ணி மூன்று முதல் ஏழு நாள் வரை மீன்மேல் தின்று கொழுத்துவிட்டு, தானே உதிர்ந்து கீழே போகும். மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரிந்து, அடுத்த தடவை கூட்டமாகத் திரும்பி வரும். நீங்கள் பார்த்தது இரண்டு அலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. சில கூடுகள் 72 நாள் வரைகூடத் தாமதித்துப் பொரிவதுண்டு. அதனால்தான் நோய் புகுந்த பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் காலியாகப் போடச் சொல்கிறோம்.

பூண்டுச் சாறும், மீன் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறாலும் இதைத் தீர்க்காது. எல்லா மீனையும் தனித்தொட்டிக்கு மாற்றி, காப்பர் மருந்து கொடுங்கள். லேபிளில் உள்ள அளவை, அந்த வகை மருந்துக்கு ஒத்துவரும் டெஸ்ட் கிட்டால் தினமும் சரிபாருங்கள். பவளம், இறால், நத்தை இருக்கும் தொட்டியில் காப்பர் கூடவே கூடாது.

கேள்வி: ஒரே ஒரு கோமாளி மீன்தான். அதற்கும் தனித்தொட்டியா?

ஆமாம், நான்கு வாரமாவது வேண்டும். பெரிதாகச் செலவில்லை: 50 லிட்டர் தொட்டி, மணல் இல்லாத வெறும் அடி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. ஸ்பாஞ்ச் ஃபில்டரை மட்டும் சில வாரம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு வையுங்கள். நல்ல பாக்டீரியா ஏறியிருந்தால்தான் அம்மோனியா கட்டுப்படும். மேலே வலை மூடி போடுங்கள், புது மீன் குதிக்கும்.

கேள்வி: புள்ளி எதுவும் இல்லை. ஆனால் வேகமாக மூச்சு வாங்குகிறது, பம்ப் முன்னாலேயே நிற்கிறது.

இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். முதலில் அம்மோனியா பாருங்கள், ஏர் ஸ்டோன் போடுங்கள். அது சரியாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். பொன்தூள் தூவியதுபோல் தோல் மின்னினால் வெல்வெட் நோய், இதுவும் ஒட்டுண்ணியால் வருவதுதான். செவுளில் மட்டும் இருந்தால் தோலில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஓரிரு நாளில் கொல்லக்கூடியது, காப்பரை இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: கோமாளி மீனுக்கு அனிமோன் (கடல் சாமந்தி) கட்டாயமா?

இல்லை. புதுத் தொட்டியில் முதலில் சாவது அனிமோனாகத்தான் இருக்கும்.

கேள்வி: இரண்டு நாளாக எதையும் தின்னவில்லை.

முதல் நாள் விளக்கை அணைத்து வையுங்கள், பட்டினி பரவாயில்லை. மறுநாளிலிருந்து உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்ற இரை) கொஞ்சமாகக் கொடுங்கள். பாசி தின்னும் டேங் வகை மீன் என்றால் நோரியை (உலர்ந்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டுங்கள். தின்னாததை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் சதை வற்றினால் நிலைமை மோசம். மாண்டரின் வகை மீன் மட்டும் வேறு கதை: அதற்கு உயிருள்ள கோபிபாட் (மிகச் சிறிய நீர் உயிரி) வேண்டும், புதுத் தொட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள். எந்த மீனானாலும், காசு கொடுக்குமுன் கடைக்காரரை உங்கள் கண்ணெதிரே இரை போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.