வாரத்தில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்காக என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் பகுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது?

ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆசிரியப் பயிற்சி இல்லாததும் குறை இல்லை. ஆனால் தொடங்குவதற்கு முன்னால் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஒரு மணி நேரத்தை அதே கிழமையில், அதே நேரத்தில், ஒரு வருடத்துக்குத் தொடர்ந்து கொடுக்க முடியுமா? முடியும் என்றால் மட்டும் மேலே படியுங்கள். இப்போதைக்கு முடியாது என்றால், பிள்ளைகளோடு நேரடியாகப் பழகாத வேலைகள் நிறைய இருக்கின்றன. புத்தகங்களுக்கு அட்டை போடுவது, கணக்கு எழுதுவது, விளையாட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பது என்று அவற்றை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஆனால் முதல் முறை போனபோது எட்டு வாரத்தில் நின்றுவிட்டேன். வேலை மாறியது, நேரம் ஒத்துவரவில்லை. பொறுப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னேன், அவரும் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்றார். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சில மாதங்கள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, என்னிடம் படித்த பத்து வயதுப் பையன் ஓடி வந்தான். "நான் தப்புத் தப்பாப் படிச்சதாலதான் நீங்க வரலையாக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை இத்தனை வருடமாக நான் மறக்கவில்லை.

பெரியவர் ஒருவர் திடீரென்று வராமல் போனால், பிள்ளை அதற்கான காரணத்தைத் தன்னிடம்தான் தேடும். அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். 10 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு தன்னார்வலரைத் துணையாகச் சேர்த்துவைத்தார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பலன் அதிகமாக இருந்தது. அதற்கு முன்னால் முடிந்தவற்றில் பலன் படிப்படியாகக் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பே இறங்கியிருந்தது. பாதியில் விட்ட உதவி காயப்படுத்தவும் செய்கிறது.

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவராக நிமிர்ந்து வந்தார். அப்படி வந்தவர்களின் கதைகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்ட, நிலையாகக் கூடவே இருந்த ஒரு பெரியவர். சிலருக்குப் பாட்டி, சிலருக்கு ஆசிரியர், சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க யாருக்கும் பட்டம் தேவையில்லை.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? எனக்கு நன்றாகத் தெரிந்தது வாசிப்பு. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறினால், நம் வாய் உடனே அந்தச் சொல்லைச் சொல்லிவிடும். அதை அடக்குவதுதான் முதல் பாடம். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி நமக்குத்தான் நீளமாகத் தெரியும், பிள்ளைக்கு அது யோசிக்கக் கிடைக்கும் நேரம். பல முறை அதுவே கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால் சின்னதாக ஒரு துப்புக் கொடுங்கள்: "படத்தைப் பாரு, அவன் கையில என்ன வச்சிருக்கான்?", "முதல் எழுத்து என்ன?" அதற்கும் வரவில்லை என்றால் நீங்களே சொல்லிவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். காத்திரு, துப்புக் கொடு, பாராட்டு என்ற இந்த மூன்று படி முறை 1970களில் நியூசிலாந்தில் உருவானது. வீட்டில் பெற்றோரே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதற்காக வகுத்ததால், ஆசிரியர் அல்லாதவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ரொம்பவும் பயந்த பிள்ளை என்றால் வேறு வழி இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்துச் சேர்ந்து வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் குரலுக்குள் தன் குரலை மறைத்துக்கொண்டு பிள்ளை கூடவே வரும். தனியாகப் படிக்கத் தைரியம் வரும்போது மேசையில் ஒரு தட்டு தட்டச் சொல்லிவையுங்கள். தட்டியதும் நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தடுக்கினால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். என்னிடம் வந்த ஒரு சிறுமி ஏழு வாரம் தட்டவே இல்லை. எட்டாவது வாரம் தட்டினாள், நான்கு வரி தனியாகப் படித்தாள், பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். மறுபடி சேர்ந்து படித்தோம். அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பாராட்டும்போது "நீ ரொம்ப புத்திசாலி" என்று சொல்வதைத் தவிர்க்கிறேன். கிளாடியா மியூலர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்து போனார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து போராடினார்கள். அதனால் "அந்த நீளமான சொல்லை மூணா உடைச்சுப் படிச்ச பாரு, அது நல்ல யோசனை" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

பதினைந்து வயதைத் தாண்டியவர்களிடம் இதெல்லாம் செல்லாது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொண்டு போனால் வரவே மாட்டார்கள். ஒரு முறை எங்கள் குழு, மேற்படிப்பு வழிகாட்டல் என்று பெரிதாக ஏற்பாடு செய்தது, நான்கு பேர்தான் வந்தார்கள். அந்த நான்கு பேரிடம் கேட்டபோது, மாலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும், விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டும் எங்களால் முடிகிற காரியம். அறையின் சாவியை அவர்களிடமே கொடுத்தோம், நேரத்தையும் விதிகளையும் அவர்களே எழுதினார்கள். ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது. ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். மேடையில் அலங்காரத்துக்கு நிறுத்துவதும், பெயருக்கு ஒருவரைப் பேசவைப்பதும் அந்த ஏணியின் கீழ்ப்படிகள். அவற்றைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நாம் நடத்தும் பல விழாக்களை அந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

அடுத்தது பாதுகாப்பு. இதில் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். ஒழுங்காக நடக்கும் அமைப்பு உங்கள் பின்னணியை விசாரிக்கும், தெரிந்தவர்களின் பரிந்துரை கேட்கும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதுவுமே கேட்காமல் "இன்றைக்கே வாருங்கள்" என்று கூப்பிடும் இடம்தான் கவலைக்குரியது. பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள், மற்றவர்கள் கண்ணில் படும்படி உட்காருங்கள். கைப்பேசியில் தனிப்பட்ட செய்திகள் வேண்டாம். படம் எடுத்து வெளியிடவும் வேண்டாம், உதவி பெறும் பிள்ளை என்ற முத்திரையோடு அந்தப் படம் எத்தனை வருடம் சுற்றும் என்று நினைத்துப் பாருங்கள். பணமும் பரிசும் கொடுக்க ஆசை வந்தால் பொறுப்பாளர் வழியாக எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள்.

என்றாவது ஒரு பிள்ளை, "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்கலாம். சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமா பாத்துக்கணும்னா நான் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரலாம், ஆனா நீ சொல்றதை முழுசாக் கேக்குறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை சொல்லும்போது குறுக்கே கேள்வி கேட்டுத் துருவாதீர்கள், அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். அதன் பிறகு பிள்ளை பயன்படுத்திய அதே சொற்களில் எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே கொடுங்கள். நாமே போய் வீட்டில் விசாரித்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே, சேரும் முதல் நாளில் "இங்கே இதற்குப் பொறுப்பு யார்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், பக்கத்து நூலகம், பள்ளி, விளையாட்டுக் குழு, ஏற்கெனவே மாலை வகுப்பு நடத்துகிறவர்கள். புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கும் எண்ணத்தை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே செய்கிறவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

என்றாவது விலக வேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் நேரில் சொல்லுங்கள். கடைசி நாள் எது, உங்களுக்குப் பிறகு யார் வருவார், ஏன் போகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். "சீக்கிரம் வருவேன்" என்று ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள், அவர்கள் நாள் எண்ணுவார்கள். அந்தப் பையனிடம் அன்று மன்னிப்புக் கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். வேலை நேரம் சரியானதும் மறுபடி சேர்ந்தேன். அதற்குப் பிறகு வர முடியாத வாரங்களை முன்கூட்டியே சுவர் நாட்காட்டியில் பிள்ளைகள் கையாலேயே குறிக்கவைக்கிறேன்.

முதல் நாள் போகும்போது எதையும் எடுத்துப் போக வேண்டாம். ஓர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், பெயர்களைக் கேட்டு வீட்டுக்கு வந்ததும் எழுதிவையுங்கள். அடுத்த வாரம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.